காயிலைத் திறந்து பார்த்த ஃபர்னஸ் சர்வீஸ்: ஓராண்டுக்குப் பின் என் மதிப்பீடு

எங்கள் வீட்டு ஃபர்னஸுக்கு இப்போது 11 வயது ஆகிறது. எரிவாயுவில் இயங்கி, சூடான காற்றை டக்ட் எனப்படும் காற்றுக்குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்பும் வகை அது. புகையில் மிஞ்சியிருக்கும் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொண்டு, ஆறிய புகையை பிவிசி குழாய் வழியே வெளியே விடும் உயர்திறன் மாதிரி. அதன் தலைக்கு மேல், அதே தகரப் பெட்டியின் தொடர்ச்சியாக, ஏசியின் உட்புறக் காயில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் குழாய்களும் தகடுகளும் கொண்ட பகுதி, அமர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனமும், சென்ற ஆண்டு முதல் இருவர் மட்டுமே உள்ள ஒரு சிறிய குழுவும் இதற்கு வருடாந்திரப் பராமரிப்பு செய்திருக்கிறார்கள். இதை வாசிப்பவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருப்பீர்கள் என்பதால் நிறுவனத்தின் பெயரால் உங்களுக்குப் பயனில்லை. பராமரிப்பு என்ற பெயரில் எந்த வேலை நடந்தது, எந்த வேலை நடக்கவில்லை என்பதுதான் பயன்படும். அதனால் இரு தரப்பின் பெயரையும் விட்டுவிட்டு வேலையை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்கு இருந்த தொல்லையைச் சொல்ல வேண்டும். கடும் குளிர் இரவுகளில் ஃபர்னஸ் நான்கைந்து நிமிடம் எரிந்து அணைந்துவிடும். காற்றைத் தள்ளும் புளோயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சற்று நேரம் கழித்து மறுபடி பற்றவைக்கும், மறுபடி அணையும். தெர்மோஸ்டாட்டில் வைத்த வெப்பநிலையை வீடு எட்டவே எட்டாது. டக்டின் கடைக்கோடியில் உள்ள படுக்கையறையில் காற்று வருகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த அறையில்தான் என் தாயார் உறங்குகிறார் என்பதால், இதை வெறும் அசௌகரியம் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

முதல் நிறுவனத்தின் டெக்னீஷியன் இரண்டு ஆண்டுகளும் சுமார் 20 நிமிடம் வேலை செய்தார். முன்பக்கக் கதவைக் கழற்றி, பர்னர்களின் மீது வாக்குவம் குழாயை ஓட்டி, ஃபில்டரை மாற்றி, தீ நீலமாக எரிகிறது என்று காட்டிவிட்டுச் சென்றார். இரண்டாம் ஆண்டு நான் இந்த அணைந்து எரியும் சிக்கலைச் சொன்னபோது, லிமிட் சுவிட்ச் பழுதாகிவிட்டது என்று அதை மாற்றினார். மூன்று வாரத்தில் பழைய கதையே திரும்பியது. லிமிட் சுவிட்ச் என்பது வெப்பமாற்றிக்கு (தீயின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோகப் பகுதி) அருகில் காற்று அளவுக்கு மீறிச் சூடானால் எரிவாயுவை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி. அது அடிக்கடி துண்டிக்கிறது என்றால், அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் உள்ளே உண்மையிலேயே ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அன்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கத் தெரியாமல் இருந்தேன்.

காயில் என்றால் கோடைக்கால சமாச்சாரம், ஃபர்னஸ் என்றால் குளிர்கால சமாச்சாரம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதில் பெரிய தவறு. ஃபர்னஸின் அடியில் இருக்கும் ஒரே புளோயர்தான் இரண்டு பருவத்திலும் காற்றைத் தள்ளுகிறது. குளிர்காலத்தில் வெப்பமாற்றியைத் தாண்டி வரும் சூடான காற்று முழுவதும் அந்த ஏசி காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே புகுந்துதான் அறைகளுக்குப் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது. ஓர் அங்குலத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட தகடுகள் இருப்பதால், அவற்றுக்கு இடையே உள்ள சந்து மிகக் குறுகலானது. கோடையில் ஏசி ஓடும்போது இந்தத் தகடுகளில் நீர் கோத்து ஈரமாக இருக்கும். ஃபில்டரைத் தப்பி வந்த தூசியும் நூலிழையும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு குளிர்காலத்துச் சூட்டுக் காற்றில் அது காய்ந்து இறுகிவிடும். இப்படிப் பருவம் மாறி மாறி ஒட்டியும் காய்ந்தும் படியும் அழுக்கு சில ஆண்டுகளில் காற்றின் வழியையே அடைத்துவிடுகிறது. காற்று குறைந்தால் வெப்பமாற்றியிலிருந்து வெப்பம் வெளியேறாது. அது மீண்டும் மீண்டும் அளவு மீறிச் சூடாவதும் ஆறுவதுமாக இருந்தால் உலோகம் சோர்ந்து விரிசல் விடக்கூடும். விரிசல் விட்டால் எரிப்பறையில் உள்ள வாயு நாம் சுவாசிக்கும் காற்றோடு கலக்கும் அபாயம் உண்டு. ஆக, வெறும் தூசி என்று தோன்றும் ஒன்று கார்பன் மோனாக்சைடு வரை கொண்டுபோய் விடலாம்.

சென்ற ஆண்டு வந்த குழுவினர் கருவிப்பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது காற்றழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டரை. ஃபர்னஸ் பெட்டியில் இரண்டு இடங்களில் சிறு துளையிட்டு, குழாய்களைச் செருகி, புளோயர் எந்த அளவு எதிர்ப்பைச் சமாளித்துக்கொண்டு காற்றைத் தள்ளுகிறது என்று அளந்தார்கள். எங்கள் ஃபர்னஸின் தகவல் தகட்டில் அந்த எதிர்ப்பு 0.5 அங்குல நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. மேனோமீட்டர் 0.92 காட்டியது. அடுத்து, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை அளந்தார்கள். அது 19 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று தகடு சொல்கிறது. எங்களுடையது 41 டிகிரியைத் தொட்ட சிறிது நேரத்தில் லிமிட் சுவிட்ச் துண்டித்தது. லிமிட் சுவிட்ச் தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது என்று மூத்தவர் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் அளக்காத இந்த இரண்டு எண்களையும் எடுக்க அவர்களுக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று.

அதன் பிறகு காயில் பெட்டியின் கதவைத் திறந்தார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். இத்தகைய காயில் ஓட்டுக் கூரை போல இரண்டு பலகைகள் சாய்ந்து உச்சியில் சேர்ந்த வடிவில் இருக்கும். காற்று கீழிருந்து, கூரைக்கு அடியிலிருந்து மேலே வரும். ஆகவே அழுக்கு படிவது கூரையின் உட்புறத்தில்; வெளிப்புறம் பளிச்சென்று இருக்கும். கதவை மட்டும் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பவருக்குத் தெரிவது அந்தச் சுத்தமான வெளிப்புறம்தான். முதல் நிறுவனத்தார் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு “காயில் புதிது போல் இருக்கிறது” என்று சொன்னதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு வந்தவர்கள் காயிலின் முன்முகத்தை மூடியிருந்த முக்கோணத் தகட்டின் திருகுகளையும் கழற்றினார்கள். உள்ளே கைக்கண்ணாடியை நீட்டி என்னைப் பார்க்கச் சொன்னார் இளையவர். தகடுகளே தெரியவில்லை. பழைய கம்பளிப் போர்வையை விரித்து ஒட்டியது போலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மூடியிருந்தது. அவர் விரல் நுனியால் ஒரு மூலையை நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு அது அப்படியே உரிந்து வந்தது, அதன் மறுபக்கத்தில் அலுமினியத் தகடுகளின் வரிவரியான அச்சு பதிந்திருந்தது.

சுத்தம் செய்த முறையில் எனக்கு மிகுந்த நிறைவு. மின்சாரத்தைத் துண்டித்து, எரிவாயு வால்வையும் மூடிய பிறகே கை வைத்தார்கள். காயிலுக்குக் கீழே இருப்பது ஃபர்னஸின் வெப்பமாற்றியும் மின்பலகையும் என்பதால், நீர் அங்கே இறங்காதபடி இடையில் பிளாஸ்டிக் விரிப்பைச் செருகினார்கள். முதலில் ஈரம் படாமல், மென்மையான பிரஷும் வாக்குவமும் கொண்டு தகடுகள் நிற்கும் திசையிலேயே மேலிருந்து கீழாக இழுத்தார்கள். குறுக்கே இழுத்தால் அந்தத் தகடுகள் நொடியில் மடங்கிவிடும். தூசியை எடுக்காமல் நேரடியாக நுரையைத் தெளித்தால் அது சேறாகி இன்னும் ஆழமாக உள்ளே போய் அடைத்துக்கொள்ளும் என்பதால், இந்த உலர்ந்த வேலைக்கே அரை மணிக்கு மேல் செலவிட்டார்கள். பிறகு அமிலம் இல்லாத, வீட்டுக்குள் பயன்படுத்தத் தக்க காயில் கிளீனர் நுரையைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, கையால் அழுத்தும் ஸ்பிரேயரில் மெதுவாக நீர் விட்டு அலசினார்கள். அழுத்தமாக நீர் பாய்ச்சும் கருவியை அவர்கள் தொடவே இல்லை. மடங்கியிருந்த சில தகடுகளை அதற்கென்று உள்ள சீப்பால் நிமிர்த்தினார்கள். கீழே வடிநீர்த் தட்டில் தேங்கியிருந்த வழுவழுப்பான பாசியை அள்ளி எடுத்து, வடிகுழாயை வாக்குவம் வைத்து வெளியிலிருந்து உறிஞ்சி, கடைசியில் ஒரு குவளை நீரை ஊற்றி அது தடையில்லாமல் வெளியேறுகிறதா என்று பார்த்தார்கள்.

புளோயரையும் வெளியே இழுத்தார்கள். அணில் கூண்டு போன்ற அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு இறக்கையும் உட்குழிந்த வளைவோடு இருந்தால்தான் காற்றை வாரி எறியும். எங்களுடையதில் குழிவு முழுவதும் தூசி நிரம்பி, இறக்கைகள் தட்டையாகிப் போயிருந்தன. மோட்டாரைப் பிரித்து நனையாமல் தனியே வைத்துவிட்டு, சக்கரத்தை மட்டும் வெளியே கொண்டுபோய் சோப்பு நீரில் கழுவினார்கள். சமநிலைக்காக இறக்கையில் மாட்டியிருக்கும் சிறு கிளிப் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும்படி மூத்தவர் இளையவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அது நகர்ந்தால் சக்கரம் அதிரத் தொடங்கி மோட்டாரின் பேரிங்கைத் தின்றுவிடுமாம்.

எரிபகுதியில் செய்த வேலைகளில் ஃபிளேம் சென்சரைப் பற்றி மட்டும் குறிப்பிடுகிறேன். விரல் நீளமுள்ள ஓர் உலோகக் கம்பி அது. தீயின் ஊடாகப் பாயும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை அந்தக் கம்பி வழியே பெற்றுத்தான், தீ பற்றிக்கொண்டது என்பதை மின்பலகை அறிகிறது. மின்னோட்டம் வரவில்லை என்றால் சில நொடிகளில் எரிவாயுவை மூடிவிடும். எங்கள் கம்பியின் மேல் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு படிந்திருந்தது. சுத்தம் செய்யும் முன் 0.8 மைக்ரோ ஆம்பியர் இருந்த மின்னோட்டம், மெல்லிய ஸ்டீல் வுல்லால் இரண்டு முறை துடைத்த பிறகு 3.1 ஆனது. பக்கத்திலேயே இருக்கும், தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரை அவர்கள் விரலால் தொடாமல் தவிர்த்தார்கள். அது பீங்கான் போல நொறுங்கக்கூடியது, சில வகைகளுக்கு விரலின் எண்ணெய்ப் பசையே ஆகாது. உயர்திறன் ஃபர்னஸில் புகையிலிருந்தும் நீர் வடியும், அது அமிலத்தன்மை உள்ள நீர். அந்த நீர் இறங்கும் டிராப் என்ற சிறு கலத்தைக் கழற்றி அலசினார்கள். வெப்பமாற்றிக்குள் கேமராவை விட்டு விரிசல் இல்லை என்று எனக்குத் திரையில் காட்டினார்கள். புகைக்குழாயில் அனலைசரை வைத்துக் கார்பன் மோனாக்சைடின் அளவை எடுத்து எழுதிக்கொண்டார்கள்.

எல்லாம் பூட்டி மறுபடி ஓட்டியபோது எதிர்ப்பு 0.92இலிருந்து 0.51க்கு இறங்கியிருந்தது, வெப்பநிலை வேறுபாடு 30 டிகிரியில் நின்றது. ஃபர்னஸ் நிற்காமல் ஓடி, தெர்மோஸ்டாட் கேட்ட அளவை எட்டிய பின்பே அணைந்தது. அன்று இரவு தாயாரின் அறையில் காற்று வரும் கிராதி அருகே தொங்கிய திரைச்சீலை அசைந்தது. இரண்டு ஆண்டுகளாக அது அசைந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவு அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தது இந்தச் சேவையின் பெரிய பலம். ஃபில்டரை நான் தவறாமல் மாற்றி வந்திருக்கிறேன். ஆனால் நான் வாங்கிய ஃபில்டர் அதற்குரிய சட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. ஓர் ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும் என்பதால், தூசி நிறைந்த காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேராகக் காயிலுக்குப் போயிருக்கிறது. போதாததற்கு, ஒரு அங்குலக் கனத்திலேயே மெர்வ் (ஃபில்டர் தூசியைப் பிடிக்கும் திறனின் அளவு) 13 தரத்தில் வாங்கியிருந்தேன். எண் கூடக் கூட நுண்ணிய தூசியையும் பிடிக்கும் என்பது உண்மை; ஆனால் மெல்லிய ஃபில்டரில் அந்த அடர்த்தி காற்றை இறுக்கிவிடும். நான்கு அங்குலக் கனமுள்ள ஃபில்டரில் மடிப்புகள் ஆழமாக இருப்பதால் பரப்பு கூடுகிறது, அதே தரத்தைக் காற்று திணறாமல் பெறலாம். அவர்கள் அந்தச் சட்டத்தை மாற்றி, இடைவெளியை அடைத்து, நான்கு அங்குல ஃபில்டரைப் பொருத்தினார்கள். காயிலைக் கழுவிவிட்டு இந்த ஓட்டையை அப்படியே விட்டிருந்தால் அடுத்த சில ஆண்டுகளில் அதே போர்வை மறுபடி விரிந்திருக்கும்.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி தாமதமாக வந்தார்கள். வேலை நான்கு மணி நேரம் நீளும், அதுவரை வீட்டில் வெப்பம் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை. தெரிந்திருந்தால் தாயாரை அன்று உறவினர் வீட்டில் இருக்கச் செய்திருப்பேன். கிளீனரின் மணம் இரண்டு நாள் வரை காற்றில் இருந்தது. அலசும்போது இன்னும் கொஞ்சம் நீர் விட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் கொடுத்த அறிக்கையில் வேலைக்குப் பிந்தைய எண்கள் மட்டுமே இருந்தன. முந்தைய எண்களையும் எழுதித் தரும்படி நான்தான் கேட்டு வாங்கினேன். முன்பின் இரண்டும் இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு எதையும் ஒப்பிட முடியாது என்பதால் இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

டக்ட் முழுவதையும் சுத்தம் செய்யவும், காயிலுக்கு மேலே புற ஊதா விளக்கு பொருத்தவும் பரிந்துரைத்தார்கள். வற்புறுத்தவில்லை. டக்ட் சுத்தம் செய்வது உடல்நலக் கேடுகளைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதே முகமை, எரிபொருளில் இயங்கும் ஃபர்னஸை ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் சோதித்துப் பராமரிக்கச் சொல்கிறது. அதனால் டக்டை மறுத்துவிட்டேன். புற ஊதா விளக்கு ஈரமான காயிலில் பாசியும் பூஞ்சையும் வளர்வதைக் குறைக்கும். படிந்த தூசியை அது எடுக்காது. எங்கள் சிக்கல் தூசி என்பதால் அதுவும் வேண்டாம் என்றேன்.

இந்த வேலையை நாமே செய்யலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஃபில்டரை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது, அதன் அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்கும்படி மாட்டுவது, வெளியே புகைக்குழாயின் வாயைப் பனியும் இலையும் மூடாமல் பார்த்துக்கொள்வது, கோடையில் வடிகுழாயில் கொஞ்சம் வினிகர் ஊற்றி வைப்பது, படுக்கையறைகளுக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மாட்டி அதன் ஆயுள் முடியும் தேதியைக் கவனிப்பது, இவை எல்லாம் வீட்டில் இருப்பவர்களே செய்ய வேண்டியவை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அலாரத்தைத் தவிர வேறு எதுவும் அதைக் காட்டிக்கொடுக்காது. காயிலின் உட்புறத்தைக் கழுவுவதும் எரிபகுதியில் கை வைப்பதும் வேறு. காயிலில் அழுத்தத்தில் உள்ள குளிர்பதன வாயு இருக்கிறது, புளோயர் மோட்டாரின் கெபாசிட்டரில் மின்சாரத்தை அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். பயிற்சி பெற்றவர்களிடம் விடுவதே நல்லது.

நீங்கள் வேறொரு நிறுவனத்தை அழைப்பதாக இருந்தால், தொலைபேசியிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: காற்றின் எதிர்ப்பையும் வெப்பநிலை வேறுபாட்டையும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதித் தருவார்களா, காயிலின் முக்கோணத் தகட்டைக் கழற்றி உட்புறத்தைக் காட்டுவார்களா, புளோயரை வெளியே எடுப்பார்களா. காயிலை ஆண்டுதோறும் கழுவ வேண்டும் என்று சொல்பவரிடமும் சற்று எச்சரிக்கையாக இருங்கள். ஆண்டுதோறும் பார்ப்பது அவசியம். ஃபில்டர் ஒழுங்காக இருந்தால் கழுவும் தேவை பல ஆண்டுகள் வராமலும் போகலாம், தேவையில்லாமல் கழுவும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய தகடுகளுக்குத் தேய்மானம்தான்.

இந்த ஆண்டு குளிர் தொடங்கும் முன் அதே குழுவை மறுபடி அழைத்தேன். இம்முறை நேரத்துக்கு வந்தார்கள். எதிர்ப்பு 0.53, வெப்பநிலை வேறுபாடு 31 டிகிரி. முக்கோணத் தகட்டைக் கழற்றிக் கண்ணாடியை நீட்டியபோது தகடுகளின் வரிசை ஒன்றுவிடாமல் தெரிந்தது, ஓரத்தில் மட்டும் மெல்லிய தூசி. காயிலைக் கழுவத் தேவையில்லை என்று அவர்களே சொல்லி, ஃபிளேம் சென்சரையும் டிராப்பையும் மட்டும் சுத்தம் செய்து, கழுவாத வேலைக்குக் கட்டணம் வாங்காமல், ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டார்கள். முன்பின் எண்கள் இரண்டும் இந்த முறை நான் கேட்காமலேயே அறிக்கையில் இருந்தன. அந்தத் தாளை ஃபர்னஸ் கதவின் உட்புறத்தில், சென்ற ஆண்டுத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.